முதற்படமும் வழிப்படங்களும்: ‘புயல்களின் கோள்’ திரைப்படத்தின் மூன்று பாடங்கள்

முன்னுரை

ஒரு நூல் பல படிகளாகப் பெருகும்போது மூலத்திற்கும் படிகளுக்கும் இடையே வேறுபாடுகள் தோன்றுவது இயல்பு. அவற்றுள் சில ஏடெழுதுவோரின் கைப்பிழையால் நேர்வன. சில கருதிச் செய்யப்படுவன. கைப்பிழைகள் எழுதியவரின் கண்ணையும் கையையும் பற்றிக் கூறும். கருதிச் செய்த மாற்றங்களோ அவர் வாழ்ந்த காலத்தின் மனத்தைப் பற்றிக் கூறும். எனவேதான் பாட வேறுபாடுகளைத் தொகுக்கும் பதிப்பாசிரியர், எல்லோரும் கைவைத்த இடம் எது என்பதைத் தனியே நோக்குகிறார். மாற்றம் மிகுந்த இடம், மூலம் படிப்போரை இடறிய இடமாக இருத்தல் கூடும்.

இந்நோக்கு ஏட்டுச் சுவடிகளுக்கு மட்டும் உரியதன்று, படச்சுருளுக்கும் பொருந்தும். சோவியத்து ஒன்றியத்தில் 1962ஆம் ஆண்டு வெளிவந்த ‘பிளானெத்தா பூர்’ (புயல்களின் கோள்) என்னும் விண்வெளிப் பயணத் திரைப்படம் அமெரிக்காவில் இருமுறை வெட்டி ஒட்டப்பட்டு, 1965இலும் 1968இலும் வெவ்வேறு பெயர்களில் வெளிவந்தது. ஆகவே ஒரே படச்சுருளுக்கு மூன்று பாடங்கள் உள்ளன. இம்மூன்றையும் ஒப்பிட்டு நோக்குமிடத்து, வெள்ளிக்கோளின் பாறைகளும் விலங்குகளும் எரிமலைக் குழம்பும் பெரிதும் மாறாதிருக்க, சுற்றுப்பாதையில் தனித்திருக்கும் ஒரு பெண்ணின் இடமே மீண்டும் மீண்டும் தொடப்பட்டிருப்பதைக் காணலாம். அதன் காரணத்தை அக்கால வரலாற்றோடு பொருத்தி ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆக்கியோனும் காலமும்

படத்தின் இயக்குநர் பாவெல் கிளுஷான்ட்செவ் (1910–1999) பீட்டர்ஸ்பர்க் நகரில் பிறந்தவர். லெனின்கிராடின் மக்கள் அறிவியல் திரைப்பட நிலையத்தில் பணியாற்றியவர். கதைப்படங்களைக் காட்டிலும் அறிவியல் விளக்கப்படங்களே அவருடைய துறை. விண்ணோடவியலின் முன்னோடியான கான்ஸ்டன்டின் சியோல்கோவ்ஸ்கியின் (1857–1935) நூற்றாண்டாகிய 1957இல் அவர் உருவாக்கிய ‘விண்மீன்களுக்கான பாதை’ என்னும் படம், சியோல்கோவ்ஸ்கியின் வாழ்க்கையில் தொடங்கி, புவியைச் சுற்றும் விண்வெளி நிலையம், நிலவில் மனிதர் இறங்குதல் என வருங்காலத்திற்குச் செல்கிறது. அவ்வாண்டு அக்டோபர் 4ஆம் நாள் முதல் ஸ்புட்னிக் ஏவப்பட்டதும் அந்நிகழ்ச்சியும் படத்தில் சேர்க்கப்பட்டது.

எடையற்ற நிலையைக் காட்ட அவர் கையாண்ட முறை எளிமையானது. நடிகரைக் கம்பியில் தொங்கவிட்டு, கேமராவை அவருக்கு நேர் கீழே நிறுத்தி மேல்நோக்கிப் படம்பிடித்தார். நடிகரின் உடலே கம்பியை மறைத்துவிடுவதால் அவர் வெளியில் மிதப்பதுபோல் தோன்றும். 1968இல் வெளிவந்த ஸ்டான்லி குப்ரிக்கின் ‘2001: ஒரு விண்வெளிப் பயணம்’ படத்திலும் இம்முறை பயன்பட்டுள்ளது.

‘புயல்களின் கோள்’ படத்தின் திரைக்கதையை அறிவியல் புனைகதை எழுத்தாளர் அலெக்சாந்தர் கசான்ட்செவும் கிளுஷான்ட்செவும் இணைந்து எழுதினர். 1908இல் சைபீரியாவின் துங்குஸ்கா பகுதியில் நிகழ்ந்த பெருவெடிப்பு, வேற்றுக்கோளினரின் கலம் வெடித்ததனால் நேர்ந்தது என்னும் கற்பனையை 1946ஆம் ஆண்டுச் சிறுகதை ஒன்றில் முன்வைத்தவர் கசான்ட்செவ். வேற்றுக்கோளில் அறிவுடை உயிர்கள் உண்டோ என்னும் அவருடைய நெடுநாள் வினாவே இத்திரைக்கதைக்கும் அடிநாதமாகும்.

படம் உருவான காலம் சோவியத்து விண்வெளித் திட்டம் உச்சத்தில் இருந்த காலம். வெள்ளியை நோக்கி ‘வெனேரா 1’ 1961 பிப்ரவரி 12ஆம் நாள் ஏவப்பட்டது. சில நாட்களிலேயே அதனுடன் வானொலித் தொடர்பு அறுந்தது. ஏப்ரல் 12ஆம் நாள் யூரி ககாரின் புவியை வலம்வந்தார். கலம் கோளைத் தேடிச் சென்று ஊமையாகிவிட்ட நிலையில், அக்கோளில் என்ன இருக்கிறது என்பதைத் திரை மட்டுமே காட்ட இயன்ற காலம் அது.

முதற்படத்தின் கதைப்போக்கு

சிரியஸ், வேகா, கப்பெல்லா என்னும் மூன்று கலங்கள் வெள்ளியை நோக்கிச் செல்கின்றன. விண்கல் மோதிக் கப்பெல்லா அழிகிறது. அதற்கு ஈடாகப் புவியிலிருந்து அனுப்பப்படும் கலம் வந்துசேர நெடுநாள் ஆகும் என்பதால், எஞ்சிய இரு கலங்களில் உள்ளோரே இறங்கிப் பார்க்க முடிவு செய்கின்றனர். வேகாவிலிருந்து ஷெர்பாவும் அமெரிக்க அறிவியலாளர் கெர்னும், கெர்ன் உருவாக்கிய ‘ஜான்’ என்னும் எந்திர மனிதனும் இறங்குகின்றனர். அவர்களுடன் தொடர்பு அறுபடவே, வெர்ஷினின், போப்ரொவ், அல்யோஷா ஆகிய மூவரும் சிரியஸில் இறங்கித் தேடுகின்றனர். வேகாவில் எஞ்சியிருப்பவர் மாஷா ஒருவரே. இப்பாத்திரத்தில் கியூன்னா இக்னாத்தொவா நடித்தார்.

தரையில் நிகழ்வன சாகசக் கதைக்குரியவை. பறக்கும் ஊர்தி, அதைத் தாக்கும் பெரும்பறவை போன்ற ஊர்வன, கடலடிப் பயணம், எரிமலைக் குழம்பைக் கடத்தல் ஆகியவை அடுத்தடுத்து வருகின்றன. குழம்பின் நடுவே இருவரைத் தோளில் சுமந்து நிற்கும் எந்திர மனிதன், தன்னைக் காக்கும் அமைப்பு தூண்டப்பட்டதும் அவர்களையே உதறித்தள்ள முற்படுகிறது. சுற்றுப்பாதையில் நிகழ்வது இதனின் வேறானது. அங்கே அறச்சிக்கல் ஒன்று உள்ளது. கீழே உள்ளவர்களின் குரல் கேட்கவில்லை. இறங்கிச் சென்றால் உதவலாம். ஆனால் கலம் சுற்றுப்பாதையை விட்டு இறங்கிவிட்டால் எவரும் புவிக்கு மீள வழியில்லை. புவியிலிருந்து வரும் ஆணை ஒருபுறமும் தோழர்களின் உயிர் மறுபுறமுமாக மாஷா தனியே நிற்கிறார்.

எந்திர மனிதனின் காட்சியும் மாஷாவின் காட்சியும் ஒன்றையொன்று நோக்கி அமைந்தவை எனலாம். ஆபத்து நேர்ந்தபோது எந்திரத்திற்கு விடை முன்னரே எழுதப்பட்டுள்ளது. அது தன்னைக் காத்துக்கொள்ளும். மாஷாவுக்கு அவ்வாறு எழுதப்பட்ட விடை இல்லை. எண்ணித் துணிய வேண்டியுள்ளது. எந்திரம் தயங்குவதில்லை, மனிதர் தயங்குகின்றனர். படத்தின் கருத்து இத்தயக்கத்தில்தான் தங்கியுள்ளது.

மாஷாவின் கண்ணீர்

இத்தயக்கத்தின் வெளிப்பாடே மாஷாவின் அழுகை. அன்றைய பண்பாட்டு அமைச்சர் யெகத்தெரீனா ஃபூர்த்சேவா இதனை விரும்பவில்லை என்றும், சோவியத்து விண்வெளி வீராங்கனை அழுவதாகக் காட்டலாகாது எனக் கருதினார் என்றும் படத்தின் உருவாக்கம் குறித்த வரலாறுகளில் ஒரு செய்தி வழங்குகிறது. ஃபூர்த்சேவா 1960 முதல் 1974 வரை அப்பதவியில் இருந்தவர். அதற்கு முன்னர்க் கட்சியின் தலைமைக் குழுவில் இடம்பெற்ற முதல் பெண். ஆண்கள் நிறைந்த அவையில் கலங்காத முகத்துடன் இருந்தாக வேண்டிய நிலையை அவர் தம் வாழ்வில் அறிந்தவர். அவ்வகையில் அம்மறுப்பு ஒரு தணிக்கையாளரின் மறுப்பு மட்டுமன்று எனவும் கொள்ள இடமுண்டு.

இம்மறுப்பின் பொருளை உணரப் படம் வெளிவந்த காலத்தை நோக்க வேண்டும். 1962ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் விண்வெளிப் பயிற்சிக்காக ஐந்து பெண்கள் சோவியத்து ஒன்றியத்தில் மறைவாகத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அவர்களுள் ஒருவரான வலென்டீனா தெரஷ்கோவா 1963 ஜூன் 16ஆம் நாள் ‘வஸ்தோக் 6’ கலத்தில் சென்று ஏறத்தாழ மூன்று நாட்களில் புவியை 48 முறை வலம்வந்தார். திரையில் மாஷா சுற்றுப்பாதையில் இருந்தபோது, மெய்யான விண்கலம் ஒன்றில் செல்லவேண்டிய பெண்கள் பயிற்சிக் களத்தில் இருந்தனர். திரையிலுள்ள பெண் கலங்கினால் களத்திலுள்ள பெண்ணின் தகுதி ஐயத்திற்கு உள்ளாகும் என்னும் அச்சம் அக்காலத்தில் எழுதல் இயல்பே.

அவ்வச்சம் வீணானது அன்று என்பதைப் பின்வரலாறு காட்டுகிறது. தெரஷ்கோவாவுக்குப் பின் அக்குழுவில் எஞ்சிய நால்வருள் எவரும் விண்ணுக்கு அனுப்பப்படவில்லை. குழு 1969இல் கலைக்கப்பட்டது. ஸ்வெத்லானா சவீத்ஸ்கயா 1982இல் செல்லும் வரை, 19 ஆண்டுகள் வேறொரு பெண் விண்வெளிக்குச் செல்லவில்லை. கண்ணீரைத் தடுப்பதில் காட்டப்பட்ட அக்கறை, கலத்தை ஒப்படைப்பதில் காட்டப்படவில்லை.

முதல் வழிப்படம் (1965)

அமெரிக்கத் தயாரிப்பாளர் ரோஜர் கார்மன் சோவியத்து விண்வெளிப் படங்கள் சிலவற்றின் உரிமையை விலைகொடுத்து வாங்கினார். சிக்கனமாகப் படமெடுப்பதில் பெயர்பெற்ற அவருக்கு, பெரும்பொருட் செலவில் உருவான சோவியத்துக் காட்சிகள் மலிவாகக் கிடைத்தன. கீவ் நகரின் தொவ்ஷெங்கோ நிலையம் 1959இல் வெளியிட்ட ‘வானம் அழைக்கிறது’ என்னும் படத்தை, அன்று இளைஞராயிருந்த பிரான்சிஸ் ஃபோர்டு கொப்பொலா அவருக்காக மாற்றியமைத்தார். சோவியத்துக் கலமும் அமெரிக்கக் கலமும் செவ்வாய்க்குப் போட்டியிட்டுச் செல்ல, இடருற்ற அமெரிக்கரைச் சோவியத்து வீரர் காப்பது மூலக்கதை. மாற்றப்பட்ட பாடத்தில் இரு நாடுகளும் வட, தென் அரைக்கோளங்களாகிவிட்டன. அரக்க விலங்குகள் இரண்டின் சண்டையும் புதிதாகச் சேர்க்கப்பட்டது.

‘புயல்களின் கோள்’ கர்ட்டிஸ் ஹாரிங்டன் கையில் ‘வரலாற்றுக்கு முந்தைய கோளுக்குப் பயணம்’ (1965) ஆயிற்று. கதை 2020ஆம் ஆண்டுக்கு மாற்றப்பட்டது; உரையாடல் ஆங்கிலமாயிற்று. நிலவிலுள்ள நிலையத்திலிருந்து ஆணையிடும் பேராசிரியர் ஹார்ட்மன் என்னும் பாத்திரம் புதிதாகப் படைக்கப்பட்டு, அதில் பேசில் ராத்போன் நடித்தார். மாஷா ‘மார்ஷா’ ஆனார். இக்னாத்தொவாவின் இடத்தில் ஃபெய்த் டோமர்க் நடித்த காட்சிகள் வைக்கப்பட்டன.

இங்குக் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. வெள்ளியில் நடக்கும் ஆண்கள் அனைவரும் சோவியத்து நடிகர்களாகவே நீடிக்கின்றனர். குரல் மட்டுமே மாறுகிறது. முகமும் மாறுவது பெண்ணுக்குத்தான். இதற்குத் தொழில்முறைக் காரணம் வெளிப்படை. பாறை, கடல், எந்திர மனிதன் ஆகியவற்றோடு பிணைந்த காட்சிகளை மீண்டும் எடுப்பது பெருஞ்செலவு. அறைக்குள் வானொலி முன் அமர்ந்திருக்கும் ஒருவரை மாற்றுவது எளிது. ஆயினும் எளிமையால் நேர்ந்த மாற்றமும் பொருளை மாற்றுகிறது. முதற்படத்தில் மாஷாவின் தனிமையே அவருடைய சிக்கலின் உயிர். வழிப்படத்தில் மேலதிகாரிக்கு முகமும் குரலும் கிடைத்துவிடுகின்றன. தனியே எண்ணித் துணிய வேண்டியவர், கேட்டு ஒழுக வேண்டியவராகிறார்.

இவ்வமைப்பை அன்றைய அமெரிக்கச் சூழலோடு பொருத்திக் காணலாம். அந்நாட்டில் விண்வெளி வீரர்களுக்கான மருத்துவச் சோதனைகளில் 13 பெண்கள் தனியார் முயற்சியில் தேறியிருந்தனர். ஆனால் போர்விமானச் சோதனை ஓட்டுநராக இருந்திருக்க வேண்டும் என்பது நாசாவின் தகுதி விதி. அப்பணியோ பெண்களுக்கு மூடப்பட்டிருந்தது. 1962 ஜூலையில் நாடாளுமன்றத் துணைக்குழு ஒன்று இதனை விசாரித்தும் விதி தளரவில்லை. அமெரிக்கப் பெண் ஒருவர் விண்வெளிக்குச் செல்ல 1983 ஜூன் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாறு சென்றவர் சாலி ரைட். எனவே 1965ஆம் ஆண்டுப் பார்வையாளருக்கு மார்ஷா அவர்தம் நாட்டில் நிகராக எவரும் இல்லாத ஒரு பாத்திரம்.

இரண்டாம் வழிப்படம் (1968)

அதே படச்சுருள் மூன்றாம் முறையாகப் பீட்டர் பொக்தனோவிச்சிடம் வந்தது. பெண்கள் இடம்பெற்றால்தான் படத்தை வாங்க இயலும் என விநியோக நிறுவனம் கூறியதாகப் பின்னாளில் அவர் தெரிவித்துள்ளார். அதன் விளைவு ‘வரலாற்றுக்கு முந்தைய பெண்களின் கோளுக்குப் பயணம்’ (1968). மேமி வான் டோரன் தலைமையில் வெள்ளிவாழ் பெண்கள் சிலர் கடற்கரையில் திரிகின்றனர்; வாய்திறவாமல் மனத்தால் உரையாடுகின்றனர். பறக்கும் ஊர்வன அவர்களின் தெய்வம். விண்வெளி வீரர்கள் அதனைக் கொன்றுவிடவே பழிவாங்க முயல்கின்றனர். இறுதியில் குழம்பில் மூழ்கிய எந்திர மனிதனைப் புதிய தெய்வமாக ஏற்கின்றனர்.

இப்பெண்களும் விண்வெளி வீரர்களும் ஒருபோதும் ஒரே சட்டகத்தில் தோன்றுவதில்லை, தோன்றவும் இயலாது. ஒரு சாரார் லெனின்கிராடில் எடுக்கப்பட்டவர். மறு சாரார் கலிபோர்னியாவில் எடுக்கப்பட்டவர். இருவரையும் இணைப்பது பின்னணியில் ஒலிக்கும் குரல் ஒன்றே. இடைச்செருகலின் தையல் இவ்வளவு வெளிப்படையாகத் தெரியும் படங்கள் அரிது.

எனினும் இவ்விடைச்செருகலுக்கு மூலத்தில் ஒரு பற்றுக்கோடு உள்ளது. முதற்படத்தின் இறுதியில், அல்யோஷா எடுத்துவந்த கல் பிளக்க, உள்ளே செதுக்கப்பட்ட பெண்முகம் காணப்படுகிறது. கலம் கிளம்பியபின், நீர்நிலையில் வெள்ளிவாழ் உயிர் ஒன்றின் நிழலுரு தெரிகிறது. மனிதர் அதனைக் காணாமலே சென்றுவிடுகின்றனர். தேடியது கிடைத்தும் கண்டறியப்படவில்லை என்னும் முரணோடு முதற்படம் முடிகிறது. நொடிப்பொழுது தோன்றும் இக்குறிப்பே மூன்றாம் பாடத்தில் ஒரு கூட்டமாக விரிகிறது. குறிப்பாக நின்ற இடம் வெளிப்படையாகும்போது அதன் பொருள் கெடுகிறது என்பதற்கு இது தக்க சான்று. கலத்தைச் செலுத்தும் பெண் மையத்தினின்று நீங்க, கடற்கரையில் கிடக்கும் பெண்கள் அவ்விடத்தைப் பெறுகின்றனர். எண்ணித் துணிவோர் வழிபடுவோர் ஆகின்றனர்.

கோள் பற்றிய அறிவும் பாடங்களின் காலமும்

மூன்று பாடங்களையும் வேறுபடுத்தும் மற்றொரு கூறு, வெள்ளி பற்றிய அறிவியல். அக்கோள் அடர்ந்த முகில்களால் மூடப்பட்டிருப்பதால், அதன் தரை ஈரமும் சதுப்புமாக இருக்கலாம் என 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவீடன் நாட்டு அறிவியலாளர் ஸ்வாந்தே அர்ரேனியஸ் போன்றோர் கருதினர். 1956 முதல் செய்யப்பட்ட வானொலி அளவீடுகள் மிகு வெப்பத்தைக் காட்டினவாயினும், அவ்வெப்பம் தரைக்கு உரியதா மேல்வளிக்கு உரியதா என்பது வழக்காடப்பட்டே வந்தது. ஆகவே கடலும் ஊர்வனவும் நிறைந்த வெள்ளியைக் கிளுஷான்ட்செவ் காட்டியது, அவர் காலத்தில் முற்றிலும் மறுக்கப்படாத ஒரு கருதுகோளைக் காட்டியதேயாகும்.

படம் வெளிவந்த ஆண்டிலேயே, 1962 டிசம்பர் 14ஆம் நாள், அமெரிக்காவின் ‘மரைனர் 2’ வெள்ளியைக் கடந்து சென்று தரையின் கடுவெப்பத்தை உறுதிப்படுத்தியது. 1970 டிசம்பரில் சோவியத்தின் ‘வெனேரா 7’ தரையில் இறங்கி, ஈயத்தை உருக்கும் வெப்பத்தையும் புவியினதைப்போல் ஏறத்தாழ 90 மடங்கு அழுத்தத்தையும் தெரிவித்தது. 1975இல் ‘வெனேரா 9’ அனுப்பிய ஒளிப்படத்தில் கடல் இல்லை. உடைந்த பாறைகளே இருந்தன.

1965, 1968ஆம் ஆண்டுப் பாடங்கள் ‘மரைனர் 2’க்குப் பிற்பட்டவை. அவற்றை வெளியிட்ட நாடே அக்கலத்தை அனுப்பிய நாடு. ஒரே காட்சி முதற்படத்தில் கருதுகோளாகவும் வழிப்படங்களில் வெறும் புனைவாகவும் நிற்கிறது. காட்சி மாறவில்லை, அதனைச் சூழ்ந்த அறிவு மாறிவிட்டது. காலத்தை நோக்காது பாடத்தை மட்டும் நோக்குவோர் இவ்வேறுபாட்டைத் தவறவிடுவர்.

ஆக்கியோன் பெயரும் வழியும்

ஒரு நூல் மற்றொன்றிலிருந்து தோன்றுவதைத் தமிழ் இலக்கண மரபு குறையாகக் கருதவில்லை. தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என வழிநூலின் வகைகளைத் தொல்காப்பிய மரபியல் வகுத்துள்ளது. முதனூலின் முடிபோடு ஒத்து, பின்னோன் வேண்டும் வேறுபாட்டையும் கூறுவது வழிநூல் என்பது நன்னூலின் கருத்து. அந்நூலே, சிறப்புப்பாயிரம் உரைக்க வேண்டிய எட்டனுள் ஆக்கியோன் பெயரையும் வழியையும் முதலில் வைக்கிறது. எவர் செய்தார், எதன்வழிச் செய்தார் என்பன மறைக்கப்படாதவரை, மாற்றியமைத்தல் குற்றமன்று என்பது இதன் பொருளாகும்.

அமெரிக்கப் பாடங்கள் தவறிய இடம் இதுவே. உரிமை முறையாகவே பெறப்பட்டது; ஆயின் வழி மறைக்கப்பட்டது. கிளுஷான்ட்செவின் பெயர் அப்படங்களைக் கண்டோருக்குத் தெரியவில்லை. சோவியத்து நடிகர்களுக்கு ஆங்கிலச் சாயலுடைய புனைபெயர்கள் சூட்டப்பட்டன. மாற்றியமைத்தோரும் தம் பெயரை வெளியிடவில்லை: ஹாரிங்டன் ‘ஜான் செபாஸ்டியன்’ எனவும், பொக்தனோவிச் ‘டெரெக் தாமஸ்’ எனவும், கொப்பொலா ‘தாமஸ் கால்சார்ட்’ எனவும் குறிக்கப்பட்டனர். ஆக்கியோனும் இல்லை, தழுவியோனும் இல்லை என்னும் நிலையில் அப்படங்கள் உலவின. போப்ரொவாக நடித்த கியோர்கி ஷ்ஷோனொவ் 1938இல் பொய்க்குற்றச்சாட்டில் சிறைப்பட்டு, கொலிமா முகாமில் வாடி, 1955இல்தான் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டவர். தம் நாட்டு அரசிடமிருந்து பெயரை மீட்டுக்கொண்ட கலைஞரும், மறுநாட்டுச் சந்தையில் அப்பெயரோடு அறியப்படவில்லை.

கிளுஷான்ட்செவ் பின்னர் ‘நிலவு’ (1965), ‘செவ்வாய்’ (1968) ஆகிய படங்களை உருவாக்கினார். ஆயினும் நாளடைவில் மறக்கப்பட்டார். முதுமையில் அவரைத் தேடிச் சென்று கண்டவர்களுள் அமெரிக்கச் சிறப்புக்காட்சிக் கலைஞர் ராபர்ட் ஸ்கோட்டாக் குறிப்பிடத்தக்கவர். 2002இல் கிளுஷான்ட்செவைப் பற்றிய ஆவணப்படம் டென்மார்க்கில் உருவானது. அவர் மறைந்து மூன்றாண்டுகளுக்குப் பின் வந்த அப்படம், அறுபட்ட வழியை மீண்டும் இணைத்தது.

முடிவுரை

‘புயல்களின் கோள்’ படத்தின் மூன்று பாடங்களையும் ஒப்பிட்டதால் பெறப்படுவன வருமாறு: ஆண்கள் மேற்கொள்ளும் சாகசப் பகுதி எல்லை கடந்தும் பெரிதும் மாறவில்லை. பெண் ஒருவர் தனியே முடிவெடுக்க வேண்டிய பகுதியோ ஒவ்வொரு கையிலும் இடர்ப்பட்டது. சோவியத்து அமைச்சகத்திற்கு அவருடைய கண்ணீர் பொருந்தவில்லை. 1965ஆம் ஆண்டுப் பாடத்தில் அவருடைய முகமும் தனிமையும் மாற்றப்பட்டன. 1968ஆம் ஆண்டுப் பாடத்தில் அவருடைய இடமே வேறு பெண்களுக்கு, வேறு நோக்கில், வழங்கப்பட்டது. கொள்கையால் எதிரெதிரே நின்ற இரு வல்லரசுகளும் இவ்வொரு பொருளில் ஒன்றுபட்டன. திரையில் காணப்படும் இவ்வொற்றுமை, அவ்விரு நாடுகளும் தம் பெண்களை விண்கலத்திற்கு வெளியே நிறுத்திவைத்த ஆண்டுகளின் கணக்கோடு ஒத்துச் செல்கிறது.

வெள்ளியைப் பற்றி அப்படம் கூறியவற்றைப் பின்வந்த ஆய்வு தள்ளிவிட்டது. மாஷாவின் சிக்கல் தள்ளப்படவில்லை. ஆணைக்கும் அன்புக்கும் இடையே தயங்குபவர் தகுதியற்றவர் அல்லர். தயங்கத் தெரியாத எந்திரமே தோழரை உதறுகிறது என்பது முதற்படம் உணர்த்திய கருத்து. வழிப்படங்கள் எந்திரத்தைக் காத்து, அதனைத் தெய்வமாகவும் உயர்த்தின, தயக்கத்தைக் கைவிட்டன. முதற்படத்தைத் தேடிக் கண்டு ஒப்பிடுதல் ஏன் வேண்டும் என்பதற்கு இதனினும் வேறு காரணம் தேவையில்லை.